கைப்பையில் ஒரு பதிப்பகம்

(கொழும்பு, வெள்ளவத்தையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



சுயாதீன எழுத்தாளர் ஒருவருடைய படைப்பு வாழ்வையும் வேலைமுறையையும் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இப்படியொரு தலைப்பைக் கொடுத்தால் பேசுகிறவர் வழக்கமாக எங்கே போவார் என்பது உங்களுக்குத் தெரியும். யார் விடியற்காலையில் எழுதினார், யார் நடுச்சாமத்தில் எழுதினார், யாருக்குத் தேத்தண்ணி வேண்டும், யாருக்குச் சுருட்டு வேண்டும். கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் இலங்கையில் தமிழில் எழுதுபவரின் வேலைநாளில் எழுத்துக்குக் கிடைப்பது சிறு பங்கு. பிரதி முடிந்ததும் அதை அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒப்புநோக்க வேண்டும். கடதாசிக்குக் காசு தேட வேண்டும். அட்டைக்கு ஓவியரைப் பிடிக்க வேண்டும். கட்டி வந்த புத்தகங்களைச் சுமந்துகொண்டுபோய் ஆட்களிடம் சேர்க்க வேண்டும். எல்லாம் அவர் தலையில்தான். இந்த மற்ற வேலைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இவை எழுத்துக்கு இடைஞ்சல் என்று எழுதுகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எழுத்தின் குணத்தைத் தீர்மானித்ததே இவைதான் என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு டொமினிக் ஜீவாவை எடுத்துக்கொள்கிறேன். 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்கு வறுமையும் காரணம், வகுப்பறைக்குள் கேட்ட சாதிப் பேச்சும் காரணம். கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்ற முடிதிருத்தும் நிலையம்தான் குடும்பத் தொழில். தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்திருந்த தமிழகப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றினால் டொமினிக் என்ற தன் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். 1960இல் வெளிவந்த 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. படைப்பிலக்கியத்துக்காக அந்தப் பரிசு பெற்ற முதல் தமிழ் நூல் அது. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். நின்றும் நடந்தும் அது 2012 வரை, ஏறத்தாழ நானூறு இதழ்கள் வந்தது. 2021 ஜனவரி 28ஆம் திகதி, 93 வயதில் கொழும்பில் காலமானார்.

வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும். இனி சலூனுக்கு வருவோம்.

தன்னுடைய பல்கலைக்கழகம் அந்தச் சலூன்தான் என்று ஜீவா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். மேடையில் கைதட்டு வாங்கும் பேச்சு என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் எதிரே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். பின்னால் நிற்பவருடைய முகம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. வழக்கு, காணிச் சண்டை, மகளின் சம்பந்தம், கந்தோரில் மேலதிகாரி செய்த அநியாயம் எல்லாம் தடையில்லாமல் வரும். வாங்கில் காத்திருப்பவர் பேப்பரை உரத்து வாசிப்பார், அடுத்தவர் அதற்கு மறுத்துரைப்பார். கத்தரி பிடித்திருப்பவருடைய கை ஓயாது, காது சும்மா இருக்கும். எழுத்துப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்கள் உரையாடல் எழுதுவது எப்படி என்று பாடம் சொல்கிறார்கள். ஜீவா அந்தப் பாடத்தைக் கூலி வாங்கிக்கொண்டு படித்தார்.

இதைவிட முக்கியமானது, சோறு கத்தரிக்கோலிலிருந்து வந்தது என்பது. பத்திராதிபரின் முகம் பார்த்து எழுத வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஒரு கதையைத் திருப்பி அனுப்பினால் அடுத்த நாள் உலை வைப்பது நின்றுவிடாது. யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதி இறுக்கத்தை அந்தச் சமூகத்தின் நடுவில் இருந்துகொண்டே எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்தான். அந்தத் துணிச்சலுக்கு அடியில் ஒரு தொழில் இருந்தது. எழுத்தாளருக்கு எழுத்தே தொழிலாக வேண்டும் என்று இலட்சியம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

முழுநேர எழுத்தாளராக வாழவே முடியாத நாடு இது என்று நான் சொல்லவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்க 1946இல் 'தினமின' ஆசிரியர் பதவியை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். அவருக்கு முன்னால் சிங்கள வாசகர் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது, அந்தக் கூட்டத்துக்குச் சிங்களத்தில் எழுதக்கூடிய வேறொரு நாடு பக்கத்தில் இல்லை. எங்களுக்கு அப்படியில்லை. கடல் கடந்தால் தமிழகம். அங்கிருந்து வாரா வாரம் சஞ்சிகைகள் வந்து குவிந்தன. செட்டியார் தெருப் புத்தகக் கடையில் கல்கி, ஆனந்தவிகடன் விற்ற வேகத்துக்கு இங்குள்ள இதழ் ஒன்று ஈடுகொடுக்க முடியாது.

ஒரே ஒரு காலகட்டத்தில் மட்டும் இந்த நிலை மாறியது. 1970இல் வந்த அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது தமிழகத்து வணிகச் சஞ்சிகைகளும் அதற்குள் அகப்பட்டன. வாசிக்கப் பழகிய வாசகர்களுக்கு வாசிக்க எதுவும் இல்லை. வீரகேசரி நிறுவனம் அந்த வெற்றிடத்தைக் கண்டு நாவல்களை வெளியிடத் தொடங்கியது. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அந்த வரிசையில்தான் வந்தது. வன்னி மண்ணின் கதையொன்று நாடெங்கும் பேப்பர்க் கடைகளில் தொங்கியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, கப்பல் வந்தது, அந்தக் காலம் மெல்ல மெல்லக் கரைந்தது. எங்கள் நாவல் வரலாற்றைச் சித்தாந்தச் சண்டைகளை வைத்தே எழுதியிருக்கிறோம். சுங்கத் திணைக்களத்தின் கோப்புகளை வைத்தும் யாராவது ஒருநாள் எழுத வேண்டும்.

மற்ற எல்லாக் காலத்திலும் எழுத்தாளர் தானே பதிப்பாளர். இது ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த வழக்கம். 1849இல் அவர் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பாரதியார் 1920இல் கடையத்திலிருந்து தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக வெளியிடக் கடன் கேட்டு எழுதிய சுற்றறிக்கையும் அதே வரிசையில்தான் வரும். எழுத்து இருந்தது, திட்டம் இருந்தது, காசு வரவில்லை. அடுத்த ஆண்டு அவரும் இல்லை.

கொழும்பில் இந்த வேலைக்குரிய இடம் கொட்டாஞ்சேனையும் அதை ஒட்டிய தெருக்களும்தான். கிராண்ட்பாஸ் வீதியில் வீரகேசரி, விவேகானந்த மேட்டில் அச்சகங்கள், செட்டியார் தெருவில் புத்தகக் கடைகள். அறுபதுகளில் வந்த ஈழத்து நூல்களின் உள்பக்கத்தைத் திருப்பினால் 231, ஆதிருப்பள்ளித் தெரு, கொழும்பு 13 என்ற முகவரி அடிக்கடி கண்ணில் படும். எம். ஏ. ரஹ்மானின் ரெயின்போ அச்சகமும் 'அரசு வெளியீடு'ம் இருந்த இடம் அது. 'இளம்பிறை' சஞ்சிகையும் அங்கிருந்துதான் வந்தது. எஸ். பொன்னுத்துரையைப் போன்ற ஒருவருக்கு, யாரோடும் ஒத்துப்போகாத எழுத்தாளருக்கு, அச்சியந்திரம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கிடைத்ததால் ஈழத்து இலக்கியம் எவ்வளவு பெற்றது என்பதை நாம் சரியாக இன்னும் கணக்கெடுக்கவில்லை. யாழ்தேவியில் பிரதியோடு வந்து கோட்டையில் இறங்குகிறவர், பஸ்ஸுக்குக் காசில்லாவிட்டால் நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரம்தான் இந்தத் தெருக்கள்.

ஈய எழுத்துக் காலத்து அச்சகம் எழுத்தாளருக்கு ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு எழுத்தும் கையால் எடுத்து அடுக்கப்பட்டது. ஒரு பந்தியைத் திருத்தினால் ஒரு மனிதருடைய அரைநாள் உழைப்பைக் கலைக்கிறோம் என்பது எதிரே தெரியும். பதினாறாம் பக்கத்தில் எட்டு வரி மிஞ்சினால் அந்த எட்டு வரியை வெட்டத்தான் வேண்டும்; இன்னொரு பாரத்துக்குக் கடதாசி கிடையாது. சுருக்கி எழுதும் பழக்கம் பலருக்கு இப்படித்தான் கைவந்தது. மல்லிகையின் பழைய இதழ்களில் கட்டுரைகள் பேச்சை வளர்க்காமல் நேரே விஷயத்துக்கு வருவதைப் பாருங்கள். ரசனை ஒரு காரணம், ரீம் விலை இன்னொரு காரணம்.

இனி விற்பனைக்கு வருகிறேன். ஜீவாவைத் தெரிந்த எவரும் முதலில் சொல்வது இதைத்தான்: வெள்ளை வேட்டி, நாஷனல், தோளில் பை. மல்லிகையை அவரே கொண்டுதிரிந்து விற்றார். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில், கால்நடையாக, கூட்டம் நடக்கும் மண்டபங்களின் வாசலில். கடையில் போட்டுவிட்டுக் கழிவு கொடுத்து மிச்சத்தை வாங்க அலையும் முறையை அவர் பெரிதாக நம்பவில்லை. ஆளைப் பார், இதழைக் கையில் கொடு, காசை வாங்கு.

வெட்கம் கெட்ட வேலை என்று அந்தக் காலத்தில் சில கனவான்கள் முகம் சுளித்தார்கள். எழுத்தாளன் தன் எழுத்தைத் தானே தெருவில் கூவி விற்பதா என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. அது சாதியோடும் சேர்ந்த எண்ணம்தான். யார் எதைச் சுமக்கலாம், யார் எந்த வாசலில் நிற்கலாம் என்று கேட்கும் மனதின் தொடர்ச்சி. ஜீவா இதைப் பொருட்படுத்தவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் தர முன்வந்தபோது வேண்டாமென்று சொன்ன மனிதர், ஒரு பிரதி மல்லிகையை விற்க ஒருவர் வீட்டுப் படலையில் காத்துநிற்கத் தயங்கவில்லை. இரண்டும் ஒரே செருக்கிலிருந்து வந்தவை என்று நான் நினைக்கிறேன்.

இப்படி விற்றதால் மல்லிகைக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். கையில் கொடுத்து விற்பவர் போன இதழ் எப்படி என்று நின்ற இடத்திலேயே கேட்டு வாங்கிவிடுவார். வாசித்தவரின் முகம் தெரியும், வாசிக்காமலே காசு கொடுத்தவரின் முகமும் தெரியும். 'தூண்டில்' என்ற கேள்வி பதில் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஜீவா பதில் சொல்லும் விதத்தில் தெருவில் நின்று கதைக்கும் தொனி இருக்கிறது. குத்தல், உரிமை, அவசரம், திடீரென்று ஒரு கனிவு. மேசைக்குப் பின்னாலிருந்து மட்டும் வாசகரைக் கற்பனை செய்தவருக்கு அந்தத் தொனி வராது. அட்டைப் படங்களும் அப்படித்தான். மற்றச் சஞ்சிகைகள் நடிகையின் முகத்தைப் போட்ட காலத்தில் மல்லிகை எழுத்தாளர்கள், கலைஞர்கள், ஆசிரியர்கள் முகங்களைப் போட்டது. அவர்களைப் பற்றிய கட்டுரைகள் பிறகு 'அட்டைப்பட ஓவியங்கள்', 'மல்லிகை முகங்கள்' என்று நூல்களாகவும் வந்தன. இலக்கியக் கொள்கை என்று இதைப் புகழ்வார்கள். புகழட்டும். அதற்குள் ஒரு வியாபாரியின் புத்தியும் இருந்தது. ஓர் ஊரின் மனிதர் அட்டையில் வந்தால் அந்த ஊர் முழுவதும் அந்த இதழைத் தேடும். மலையகத்துக்கும் கிழக்குக்கும் முஸ்லிம் எழுத்தாளர்களிடமும் சிங்கள எழுத்தாளர்களிடமும் மல்லிகை போய்ச் சேர்ந்ததில் கொள்கை எவ்வளவு, நடை எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. பிரிக்கத் தேவையும் இல்லை.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1960இல் 'தண்ணீரும் கண்ணீரும்', 1962இல் 'பாதுகை', 1967இல் 'சாலையின் திருப்பம்'. ஏழு ஆண்டில் மூன்று தொகுதி. அடுத்த தொகுதியான 'வாழ்வின் தரிசனங்கள்' வரும்போது எண்பதுகள் ஆகிவிட்டன. மல்லிகை வளர்ந்தது, சிறுகதைக்காரர் மெலிந்தார். அவருக்குள் இருந்த கதைசொல்லி பிறகு முழுதாக வெளிப்பட்டது 1999இல் வந்த தன்வரலாற்றில்தான்: 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. அது ஆங்கிலத்திலும் வந்தது. அந்த நூலை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கோபம் வரும். இப்படி எழுதக்கூடிய மனிதரை எத்தனை பேருடைய கவிதைகளுக்குப் பிழை திருத்த வைத்தோம் என்ற கோபம். அவருக்கு அந்தக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

செ. கணேசலிங்கனை எடுத்துக்காட்டி என்னை மறுக்கலாம். அவரும் 'குமரன்' சஞ்சிகை நடத்தியவர், பதிப்பகம் நடத்தியவர். ஆனாலும் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். 'நீண்ட பயணம்', 'செவ்வானம்' இரண்டும் இன்றும் நிற்கின்றன. உண்மைதான். ஆனால் பின்னால் வந்த பல நாவல்கள் கட்டுரைக்குக் கதை வேடம் போட்டவை. தானே பதிப்பாளர் ஆகும்போது 'இதை இன்னொரு முறை எழுதிப்பாருங்கள்' என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போகிறது. ஜீவா பிறருக்குச் செம்மைப்படுத்துபவராகவே ஆகித் தன் கதைகளை இழந்தார். கணேசலிங்கன் செம்மைப்படுத்துபவர் இல்லாமலே எழுதிக் குவித்தார். சுயாதீனத்துக்கு இப்படி இரண்டு பக்கத்திலும் பள்ளம் உண்டு.

யாழ்ப்பாணத்தில் கட்டியதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கவும் இல்லை. 1981 ஜூனில் பொது நூலகத்தோடு பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. கடையில் இருந்த பிரதிகள் பல எழுத்தாளர்களின் முதல். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தபோது பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகும் நிலை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அதற்குப் பின் மல்லிகை கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வரத் தொடங்கியது. எழுபது வயதில் ஒருவர் புதிய நகரத்தில் தொடக்கத்திலிருந்து வாசகர்களைத் தேடினார். அதே பை, அதே வேட்டி. 'மல்லிகைப் பந்தல்' வெளியீடாகப் பிறருடைய நூல்களையும் அங்கிருந்து வரிசையாக வெளியிட்டார்.

கொட்டாஞ்சேனையில் அது நடந்துகொண்டிருக்கும்போது, நாட்டின் இன்னொரு பக்கத்தில் தி. ஞானசேகரன் 2000 ஜூனில் 'ஞானம்' சஞ்சிகையைத் தொடங்கினார். மலையகத் தோட்டத்தில் வைத்தியராக வேலை செய்தவர், 'குருதிமலை' நாவலை எழுதியவர். ஞானம் பிறகு வெள்ளவத்தைக்கு வந்தது. இங்கேயும் சோறு வேறொரு தொழிலிலிருந்து. சலூனில் கேட்டது போலவே தோட்டத்து மருந்தகத்திலும் மனிதர்கள் மறைக்காமல் பேசுவார்கள். 150ஆவது இதழை ஈழத்துப் போர் இலக்கியச் சிறப்பிதழாகவும், 175ஆவது இதழைப் புலம்பெயர் இலக்கியச் சிறப்பிதழாகவும் கொண்டுவந்தார். தலையணை அளவு கனம். ஒரு பல்கலைக்கழகத் துறை ஆட்களையும் நிதியையும் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டில் நடந்தது.

வெள்ளவத்தை என்று சொன்னதும் நூல் வெளியீட்டு விழாவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எழுத்தாளர் இல்லாத ஒழுங்கை இருக்காது என்று பகிடியாகச் சொல்வார்கள். 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபம் சனி, ஞாயிறில் வெறுமையாக இருப்பது அபூர்வம். மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை. நடுவில் முதற்பிரதி. புரவலர் ஹாசிம் உமர் எத்தனை முதற்பிரதிகளை வாங்கியிருப்பார் என்பதற்கு அவரிடமே கணக்கு இருக்குமோ தெரியாது. அவருக்குப் பின் சிறப்புப் பிரதி பெறுவோர் வரிசை. ஒவ்வொருவரும் ஒரு என்வலப்பைக் கொடுத்துவிட்டு ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்பார்கள். அந்த என்வலப்புகள்தான் அச்சகத்துக் கடனை அடைக்கின்றன.

இதைக் கேலி செய்வது சுலபம், நான் செய்ய மாட்டேன். பதிப்பகமும் நூலக வலைப்பின்னலும் இல்லாத சமூகம் தனக்குத் தெரிந்த வழியில் புத்தகத்துக்குக் காசு சேர்க்கிறது. கலியாண வீட்டு மொய்யும் இதே ஏற்பாடுதான். வால்ட் விட்மன் 1855இல் 'புல்லின் இதழ்கள்' நூலைத் தன் செலவில் அச்சிட்டார், சில பக்கங்களுக்கு எழுத்தையும் தானே கோத்தார், பிறகு தன் நூலைப் புகழ்ந்து பெயரில்லாமல் மதிப்புரையும் எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். விழா முடிந்த இரவே விழாச் செய்தியைத் தானே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பும் நம் நண்பர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. முன்னோடி இருக்கிறார்.

என் முறைப்பாடு வேறு. முன்னூறு பிரதி அடிக்கிறோம். விழாவில் நூறு போகிறது. வாங்குகிறவர்கள் உறவினர், சக எழுத்தாளர், கூடப்படித்தவர். மிச்சம் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் போகிறது. அடுத்த கிழமை எழுத்தாளர் அடுத்த நூலைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார். நூல் அறிமுகமான அன்றே அதற்கு அந்தியேட்டியும் முடிந்துவிடுகிறது. வாங்கியவர்களில் எழுத்தாளருக்கு முன்பின் தெரியாதவர் எத்தனை பேர்? ஜீவா நடந்தது தெரியாதவரிடம் போய்ச் சேருவதற்காக. தெரிந்தவர் மட்டும் வாசிக்கும்போது எழுத்தும் தெரிந்தவருக்கு மட்டும் எழுதுவதாக ஆகிவிடும். குறைசொல்ல மாட்டார்கள் என்ற தைரியம் வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்மையில் வாசித்த பல தொகுதிகளில் நான் கண்ட மெத்தனத்துக்கு இதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

ஜீவாவைப் போல நட என்று எல்லோரிடமும் சொல்லிவிடவும் முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு மண்டப வாசலில் நிற்பதும், மாலைக்குப் பின் அச்சகத்தில் காத்திருப்பதும் ஆண்களுக்கு வாய்த்த வேலைமுறை. தாமரைச்செல்வி பரந்தனில் வாழ்ந்து எழுதியவர். இடப்பெயர்வுகளுக்கு நடுவே, வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு 'பச்சை வயல் கனவு' போன்ற நாவல்களை எழுதினார். சுப்ரம் பிரசுராலயம் என்ற பெயரில் தன் நூல்களைத் தானே வெளியிட்டார். அவருடைய வேலைநாளைப் பற்றி எவரும் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு செய்ததாக நான் கேள்விப்படவில்லை. அடுத்த ஆண்டு பேச வருகிறவருக்கு இந்தத் தலைப்பை விட்டுவைக்கிறேன்.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதத்தில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. அச்சகங்கள் பழைய விலையில் வேலை எடுக்க மறுத்தன. ஐந்நூறு பிரதி அடித்தவர்கள் நூறு, ஐம்பது என்று இறங்கினார்கள். டிஜிட்டல் அச்சு வந்துவிட்டதால் அது முடிகிறது. 2016இன் இறுதியில் கிண்டில் தமிழுக்கும் இடம் கொடுத்தது. கடதாசியே இல்லாமல் நூல் வெளியிடலாம். இவை நல்லவைதான். ஐம்பது பிரதி அடிப்பவருக்குக் கட்டிலுக்கு அடியில் எதுவும் மிஞ்சாது. ஆனால் மிச்சப் பிரதியை விற்றாக வேண்டிய நிர்ப்பந்தமும் அவருக்கு இருக்காது, அந்த நிர்ப்பந்தம்தானே ஜீவாவை நடக்க வைத்தது. புதிய வசதி சோம்பலுக்கும் வசதி.

கடைசியாக, இந்த மண்டபத்தில் இருக்கும் எழுத்தாளர்களிடம் நேராகக் கேட்க வேண்டிய ஒன்று. உங்களுக்குப் பின் உங்கள் நூல்கள் யாருடையவை? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் வாழ்ந்த காலத்துக்கும் அதற்குப் பின் எழுபது ஆண்டுக்கும் நீடிக்கும். 2021இல் மறைந்தவரின் நூல்களுக்கு 2091 வரை. பதிப்பகம் ஒன்று வெளியிட்டிருந்தால் மறுபதிப்புக்கு அனுமதி கேட்க ஒரு கதவு இருக்கும். தானே வெளியிட்டவருக்கு அந்தக் கதவும் அவரோடு போய்விடுகிறது. பிள்ளைகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும். சிலருக்குத் தமிழ் வாசிக்க வராது. அப்பா எழுதிய நூல்களின் பட்டியல்கூட அவர்களிடம் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் மல்லிகையையும் இன்னும் ஆயிரக்கணக்கான ஈழத்து வெளியீடுகளையும் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தப் பணி இல்லாவிட்டால் இன்றைய பேச்சுக்கு நான் ஆயத்தமாகியிருக்க முடியாது. ஆனால் மறுபதிப்புக்கோ மொழிபெயர்ப்புக்கோ ஒருவர் வந்தால் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்ற கேள்விக்கு ஆவணகமும் பதில் சொல்ல முடியாது.

ஒரு பக்கக் கடிதம் போதும். நூல்களின் பெயர், வெளிவந்த ஆண்டு, எந்தப் பதிப்பைத் திருத்தமானதாக எடுக்க வேண்டும், மறுபதிப்புக்கு யார் அனுமதி கொடுக்கலாம், மொழிபெயர்ப்புக்கு யார், எண்ணிமப்படுத்தி இலவசமாக வாசிக்க விடலாமா கூடாதா. இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றை நம்பகமான நண்பரிடமும் கொடுங்கள். சட்டத்தரணியின் உதவி வேண்டுமென்றால் இந்தச் சபையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். கட்டணம் பற்றி நான் அவர்களோடு கதைத்துவிட்டேன், தேநீர் இடைவேளையில் முன்வரிசைக்கு வாருங்கள்.